‘வெண்ணிரைச்சல் காட்டினோம்’ என்றால் போதுமா?

என் முதல் பேப்பரின் செய்முறைப் பகுதியில் தூண்டலைப் பற்றி, அதாவது நரம்புச் செல்களுக்கு நாங்கள் காட்டிய, தற்செயலாக மாறிக்கொண்டே இருக்கும் படங்களைப் பற்றி, ஒரே ஒரு வரிதான் இருந்தது: “விழித்திரைக்கு காஸியன் வெண்ணிரைச்சல் காட்டப்பட்டது.” இரண்டு வருடம் கழித்து, அந்தச் சோதனையைத் திரும்பச் செய்ய முயன்ற ஒரு மாணவி ஐந்து கேள்விகளுடன் மின்னஞ்சல் அனுப்பினார். மூன்றுக்கு எனக்கே பதில் தெரியவில்லை. பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தோண்டித்தான் எடுத்தேன். அன்றிலிருந்து ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்களிடம் தூண்டலைப் பற்றி என்னென்ன எழுத வேண்டும் என்று முதல் வாரமே சொல்லிவிடுகிறேன்.

‘காஸியன்’, ‘வெண்’ இரண்டும் ஒன்றல்ல. ஒரு கணத்தின் மதிப்பைப் பார்த்து அடுத்த கணத்தை ஊகிக்க முடியாது, எல்லா அதிர்வெண்ணிலும் திறன் ஒரே அளவு, அது ‘வெண்’. மதிப்புகள் சராசரியைச் சுற்றி மணி வடிவில் பரவியிருந்தால் அது ‘காஸியன்’. ஒவ்வொரு சதுரத்துக்கும் காசு சுண்டி, பூ விழுந்தால் கறுப்பு, தலை விழுந்தால் வெள்ளை என்று போட்டாலும் வெண்ணிரைச்சல்தான், ஆனால் காஸியன் இல்லை. நாங்கள் காட்டியது அந்தக் கறுப்பு வெள்ளைச் சதுரங்களைத்தான். ஒரே வரி எழுதி, அதிலும் தப்பு!

அடுத்து, எதுவரை வெண்மை? எல்லையில்லாத வெண்ணிரைச்சலை எந்தக் கருவியாலும் தர முடியாது. 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் இரண்டு ஃப்ரேமுக்கு ஒருமுறை படத்தை மாற்றினால், ஒரு படம் 33.3 மில்லி வினாடி அசையாமல் நிற்கும். அப்படி நிறுத்தி வைப்பதாலேயே அதிர்வெண் ஏற ஏறத் திறன் சரிகிறது. 15 ஹெர்ட்ஸில் சுமார் 40 சதவீதம்தான் மிஞ்சும். 1972-இல் மார்மரெலிஸும் நாக்காவும் கெளுத்தி மீனின் விழித்திரையை வெண்ணிரைச்சலால் ஆராய்ந்த காலத்திலிருந்து, இந்த முறையின் கணக்கு முழுக்கத் தூண்டலின் நிறமாலையை, அதாவது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு திறன் என்பதை, நம்பி நிற்கிறது. செல் வெளியிடும் ஒவ்வொரு மின் துடிப்புக்கும் (ஸ்பைக்) முன்னால் வந்த படங்களையெல்லாம் சேர்த்துச் சராசரி எடுக்கிறோம். ஒரு கணத்தின் மதிப்பு அடுத்த கணத்துக்கும் நீளும் இழுவை தூண்டலுக்கே இருந்தால் அது செல்லின் குணம்போலத் தெரியும். அதனால் மானிட்டரின் வேகம், படம் மாறும் வேகம் இரண்டையும் எழுதுங்கள்.

கான்ட்ராஸ்ட் என்று எழுதினால் எந்தக் கணக்கில் என்றும் சொல்ல வேண்டும். காஸியனுக்குத் திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுப்பது வழக்கம். 8 பிட் மானிட்டரில் வெளிச்சத்துக்கு 0 முதல் 255 வரைதான் எண்கள்; 0-க்குக் கீழேயும் 255-க்கு மேலேயும் இடமில்லை. சராசரியை நடுவில் வைத்து 50 சதவீதம் கேட்டால், 100 மதிப்புகளில் ஏறக்குறைய ஐந்து ஓரத்தில் வெட்டுப்பட்டுவிடும். வெட்டியதையும் சொல்லுங்கள். காமா திருத்தம் (கொடுக்கும் எண்ணுக்கு நேர் விகிதத்தில் திரையின் வெளிச்சம் வரும்படி சரிசெய்வது) செய்தீர்களா என்பதையும்தான்.

சீட் எண், அதாவது கணினி தற்செயல் எண்களை உருவாக்கத் தொடங்கும் எண், விஷயத்தில் ஒரு கதை உண்டு. எங்கள் மாணவர் ஒருவர் நான்கு நாள் நான்கு விழித்திரைகளில் பதிவு செய்தார். நாலு நாள் சராசரிப் படத்திலும் ஒரே மூலையில் ஒரே மாதிரி மங்கல் புள்ளிகள். ஏதோ கண்டுபிடித்துவிட்டோம் என்று ஒரு மதியம் முழுக்கக் குதித்தோம். அப்புறம்தான் புரிந்தது: படங்களை உருவாக்கிய மேட்லேப் மென்பொருள், திறக்கும்போதெல்லாம் அதே சீட்டிலிருந்துதான் தொடங்கும். காலையில் வந்து திறந்து, தினமும் அதே ‘புது’ இரைச்சலைக் காட்டியிருக்கிறோம். சீட்டோடு மென்பொருளின் பதிப்பையும், எண்ணை உருவாக்கும் முறையின் பெயரையும் எழுதுங்கள்; சீட் ஒன்றாக இருந்தாலும் முறை வேறானால் இரைச்சலும் வேறு. ஒரே இரைச்சலைத் திரும்பத் திரும்பக் காட்டினீர்களா, ஒவ்வொரு முறையும் புதிதா என்பதும் முக்கியம்.

செல்லுக்குள் மின்னோட்டம் செலுத்துகிறவர்கள் வழுக்கி விழும் இடம் வேறு. “திட்ட விலக்கம் 100 பிக்கோஆம்பியர்” என்று எழுதி நிறுத்திவிடுவார்கள். 0.1 மில்லி வினாடிக்கு ஒரு புது எண் என்றால், திறன் ஹெர்ட்ஸுக்கு 2 சதுர பிக்கோஆம்பியர். அதே 100-ஐ வைத்துக்கொண்டு இடைவெளியை 0.05 ஆக்கினால் அது 1 ஆகிவிடும். செல்லுக்குப் போய்ச் சேரும் உதை பாதி! ஆக, இடைவெளியைச் சொல்லாத திட்ட விலக்கத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. வேகமான மாற்றங்களைக் குறைக்க வடிகட்டி போட்டிருந்தால், அது எவ்வளவு நேரத்துக்கு மழுப்புகிறது என்று காட்டும் நேர மாறிலியும் வேண்டும். மெய்னனும் செஜ்னோவ்ஸ்கியும் 1995-இல் எலியின் மூளைப்புறணித் துண்டுகளில் செய்த சோதனையில் சராசரி 150, திட்ட விலக்கம் 100 பிக்கோஆம்பியர், நேர மாறிலி 3 மில்லி வினாடி என மூன்றையும் கொடுத்திருந்தார்கள். வடிகட்டிய பிறகு அது வெண்ணிரைச்சல் இல்லை. அப்படிச் சொல்லவும் கூச்சப்பட வேண்டாம்.

ஒலி என் துறை இல்லை. ஒன்று மட்டும்: 20 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் மொத்தம் 70 டெசிபல் என்றால், ஒரு ஹெர்ட்ஸ் பட்டைக்கு 27 டெசிபல்தான் வரும். எந்த எண்ணைத் தருகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். ஸ்பீக்கருக்குக் கொடுத்ததை விட்டுவிட்டு, விலங்கின் காதருகே மைக் வைத்து அளந்த நிறமாலையைப் போடுங்கள்.

பேப்பரை ஆங்கிலத்தில்தான் எழுதப்போகிறோம், ஆனாலும் முதலில் தமிழில் எழுதிப் பார்க்கச் சொல்வேன், மழுப்ப முடியாது. இன்று அந்த வரியை எழுதினால் இப்படி எழுதுவேன்: “64 × 48 சதுரங்கள், ஒவ்வொன்றும் விழித்திரையில் 50 மைக்ரோமீட்டர். ஒவ்வொரு சதுரமும் மற்றவற்றைச் சாராமல், சம வாய்ப்பில் கறுப்பு அல்லது வெள்ளை. 60 ஹெர்ட்ஸ் மானிட்டர், இரண்டு ஃப்ரேமுக்கு ஒரு புதுப் படம். கான்ட்ராஸ்ட் 96 சதவீதம், காமா திருத்தம் உண்டு. மெர்சென் ட்விஸ்டர், சீட் 1117. 30 நிமிடம், எந்தப் பகுதியும் திரும்பக் காட்டப்படவில்லை.” இதோடு சராசரி ஒளியின் அளவையும் மென்பொருளின் பதிப்பையும் சேர்த்தால் சரி.

எழுதி முடித்ததும் பக்கத்து மேசைக்காரரிடம் இந்தப் பத்தியை மட்டும் கொடுத்து, முதல் பத்து படங்களை உருவாக்கித் தரச் சொல்லுங்கள். அவர் எழுந்து வந்து கேட்கும் கேள்விதான் நீங்கள் விட்ட தகவல். காட்டிய படங்களையும் அப்படியே சேமித்து வையுங்கள். சதுரத்துக்கு ஒரு பிட் என்றால், மேலே சொன்ன 30 நிமிடத்துக்கு 21 எம்பிகூட வராது.