எக்ஸ்-விங்: முதலில் ஓட்டிப் பழகுங்கள், அடுத்த கப்பலை அப்புறம் வாங்கலாம்

எக்ஸ்-விங் என்பது ஸ்டார் வார்ஸ் படத்து விண்கப்பல் பொம்மைகளை வைத்து இருவர் சண்டை போடும் ஆட்டம். பெட்டியைத் திறந்ததும் எல்லாருக்கும் கை போவது பகடைக்குத்தான். எட்டு முகம், சிவப்பில் மூன்று, பச்சையில் மூன்று, உருட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. ஒரு தடவை உருட்டிவிட்டு ஓரமாக வைத்துவிடுங்கள். இந்த ஆட்டத்தில் ஜெயிப்பதும் தோற்பதும் கப்பலைக் கொண்டுபோய் எங்கே நிறுத்துகிறோம் என்பதில்தான் இருக்கிறது. அது கைக்கு வராதவரை பகடை எவ்வளவு நன்றாக விழுந்தாலும் பிரயோஜனமில்லை. திருவாரூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அக்கா மகனோடு இரண்டு மாதத்தில் முப்பது ஆட்டம் ஆடிவிட்டேன். முதல் பத்து ஆட்டத்தை நாங்கள் வீணடித்தது இது தெரியாததால்தான். நீங்கள் வீணடிக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா விடுமுறைக்கு வந்தபோது யாரோ ஆடி முடித்து விற்ற பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். ஸ்டார் வார்ஸ் எக்ஸ்-விங், இரண்டாம் பதிப்பின் கோர் செட், அதாவது தொடக்கப் பெட்டி. உள்ளே ஒரு எக்ஸ்-விங், இரண்டு டை ஃபைட்டர். மூன்றும் உள்ளங்கையில் அடங்கிவிடும், வர்ணம் பூசியே வருகிறது, ஒட்டுவதோ தீட்டுவதோ கிடையாது. ஃபேன்டஸி ஃப்ளைட் கேம்ஸ் 2012இல் முதல் பதிப்பையும் 2018இல் இரண்டாம் பதிப்பையும் வெளியிட்டது. பிறகு ஆட்டம் அட்டாமிக் மாஸ் கேம்ஸ் கைக்கு மாறி, 2024இல் இனிப் புதிதாக எதுவும் வராது என்று அறிவித்துவிட்டார்கள். அதனால் இப்போது தொடங்குகிறவர் பெரும்பாலும் பழைய சரக்கைத்தான் தேட வேண்டியிருக்கும். அது குறை இல்லை, விதிகள் கையில் இருக்கின்றன, கப்பல் தேய்ந்துபோகிற பொருளும் இல்லை. இன்னொரு நல்ல விஷயம், இதில் எந்தப் பெட்டியில் எந்தக் கப்பல் என்று மேலேயே போட்டிருக்கும். 2006இல் வேறொரு நிறுவனம் இதே கதையுலகத்தை வைத்துக் கொண்டுவந்த கப்பல் சண்டை ஆட்டத்தில் பொட்டலத்தைப் பிரித்தால்தான் உள்ளே என்ன என்று தெரியும். எனக்கு அந்த லாட்டரி பிடிக்காது. சேகரிக்கும் ஆசை இருக்கட்டும், வேண்டியதை வேண்டும்போது வாங்குகிற வசதி அதைவிடப் பெரிது.

சரி, இடம். மூன்றடிக்கு மூன்றடி வேண்டும். மேசை தேவையில்லை, எங்கள் வீட்டில் சிவப்பு சிமெண்ட் தரைதான். கறுப்புத் துணி விரித்தோம், ஒவ்வொரு தடவை கை ஊன்றும்போதும் துணி நகர்ந்தது, துணி நகர்ந்தால் கப்பலும் நகர்கிறது, அப்புறம் எங்கே இருந்தது என்று சண்டை. சீட் கவர் தைக்கும் கடையில் கனமான கறுப்பு ரெக்சின் வெட்டி வாங்கி வந்த பிறகு அந்தத் தொல்லை போயிற்று. மின்விசிறியைக் குறைத்து வையுங்கள், அட்டைகள் பறக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் அடிக்கிற ஈரத்துக்கு அட்டை உப்பிவிடும், ஆட்டம் முடிந்ததும் எல்லாவற்றையும் எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடுவது நல்லது.

இனி விஷயத்துக்கு வருவோம். ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு டயல் உண்டு. எந்தப் பக்கம், எவ்வளவு வேகம் என்பதை இருவரும் அதில் ரகசியமாகத் திருப்பி, கவிழ்த்து வைக்க வேண்டும். வைத்த பிறகு மாற்ற முடியாது. கப்பலை நகர்த்த அட்டையில் வெட்டிய டெம்ப்ளேட்டுகள் இருக்கின்றன: நேர்க்கோடு 1 முதல் 5 வரை, லேசான வளைவும் செங்குத்தான திருப்பமும் 1 முதல் 3 வரை. கப்பலின் முன்பக்கம் டெம்ப்ளேட்டை வைத்து, கப்பலைத் தூக்கி டெம்ப்ளேட்டின் மறுமுனையில் அதன் பின்பக்கம் பொருந்தும்படி வைக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் எல்லாரும் ஏமாறுகிறோம். சின்னக் கப்பலின் அடித்தட்டு 4 சென்டிமீட்டர். 1 என்று போட்ட நேர் டெம்ப்ளேட்டின் நீளமும் 4 சென்டிமீட்டர். அப்படியானால் 1 போட்டால் கப்பல் 4 சென்டிமீட்டர் போகும் என்றுதான் மனசு கணக்குப் போடும். போவது 8. ஏனென்றால் டெம்ப்ளேட்டின் நீளத்தோடு கப்பலின் சொந்த நீளமும் சேர்ந்துகொள்கிறது. 2 போட்டால் 12, 5 போட்டால் 24. ஆகவே டயலில் இருக்கிற எண்ணோடு ஒன்றைக் கூட்டி, அத்தனை அடித்தட்டு நீளம் என்று கண்ணால் அளக்கப் பழகுங்கள். இந்த ஒரு கணக்கு தெரிந்த அன்றுதான் நாங்கள் களத்தில் தடையாக வைக்கிற விண்கல்லில் மோதுவது நின்றது.

பழகுவதற்கு ஒரு வழி சொல்கிறேன். பகடை வேண்டாம், எதிராளிகூட வேண்டாம். ஒரு கப்பலை நடுவில் வையுங்கள், டயலில் ஏதாவது ஒன்றைத் திருப்புங்கள், அதன் மூக்கு எங்கே போய் நிற்கும் என்று நினைக்கிறீர்களோ அங்கே ஒரு புளியங்கொட்டை வையுங்கள். அப்புறம் டெம்ப்ளேட்டை வைத்து நகர்த்திப் பாருங்கள். நேர்க்கோடு நாலைந்து தடவையிலேயே சரியாகிவிடும். வளைவுதான் லேசில் பிடிபடாது, அதிலும் செங்குத்தான திருப்பத்தில் கொட்டை ஒரு விரற்கடை உள்பக்கமாகவே விழுந்துகொண்டிருக்கும். என் அக்கா மகனுக்கு மூன்று நாளில் கண் பழகிவிட்டது, எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. கொட்டையும் மூக்கும் ஒரு விரல் அகலத்துக்குள் வந்துவிட்டால் போதும், ஆடத் தயார்.

இரண்டு கப்பலும் ஒரே மாதிரி ஓடாது என்பதையும் இந்தப் பழக்கத்திலேயே பார்த்துவிடலாம். டை ஃபைட்டர் 1 வேகத்தில் செங்குத்தாகத் திரும்பும், எக்ஸ்-விங்கால் முடியாது. அதே சமயம் டை-க்கு 1 வேகத்தில் நேராக ஊர்ந்து போக வழியில்லை, எக்ஸ்-விங்குக்கு உண்டு. ஒன்று சந்தில் திரும்புகிற சைக்கிள், மற்றது இரட்டை மாட்டு வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் ஆழித்தேரைப் பார்த்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். 96 அடித் தேர் வீதி முனையில் திரும்ப வேண்டுமென்றால் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் முனை வந்த பிறகு யோசிக்கத் தொடங்குவதில்லை, பாதி வீதியிலேயே கட்டை விழ ஆரம்பித்துவிடும். இங்கேயும் அதேதான். இந்தச் சுற்றுக்கு மட்டும் டயல் திருப்புகிறவர் மூன்றாவது சுற்றில் எதிராளிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். முழுதாகத் திரும்புகிற கோயோகிரான் என்ற நகர்வு இருக்கிறது, நேராகப் போய் அப்படியே பின்புறமாகத் திருப்பி வைப்பது. எக்ஸ்-விங்குக்கு அது 4 வேகத்தில்தான் கிடைக்கும், அந்த இடம் முன்னால் காலியாக இருக்க வேண்டும். டயலில் அது சிவப்பாக இருக்கும், சிவப்பு நகர்வு செய்தால் ஸ்ட்ரெஸ் டோக்கன் ஒன்று வரும். அது இருக்கிறவரை எந்தச் செயலும் (நகர்ந்த பிறகு எடுத்துக்கொள்கிற கூடுதல் உதவி, கீழே சொல்கிறேன்) செய்ய முடியாது, இன்னொரு சிவப்பு நகர்வும் கூடாது. நீல நகர்வு ஒன்று செய்தால் போய்விடும். அதனால் சிவப்பைத் திருப்பும்போதே அடுத்த சுற்றுக்கு நீலம் எது என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

யார் முதலில் நகர்வது? ஒவ்வொரு விமானிக்கும் 1 முதல் 6 வரை இனிஷியேட்டிவ் எண் உண்டு. எண் குறைந்தவர் முதலில் நகர வேண்டும், சுடும்போது எண் கூடியவர் முதலில் சுடுவார். கூடிய எண்ணுக்கு இரண்டும் லாபம் என்று தோன்றும். ஆனால் முதலில் நகர்கிறவர் கையில் ஓர் ஆயுதம் இருக்கிறது, வழியை அடைப்பது. பெட்டியில் வந்த விதிப்படி, ஒரு கப்பல் போய் நிற்க வேண்டிய இடத்தில் இன்னொன்று நின்றால், டெம்ப்ளேட்டின் மேலேயே பின்னுக்கு இழுத்து இடிக்காத இடத்தில் நிறுத்த வேண்டும், அந்தச் சுற்றுக்குச் செயல் கிடையாது, ஒட்டிக்கொண்டு நிற்கிற இரண்டும் ஒன்றையொன்று சுடவும் முடியாது. ஆடுபுலி ஆட்டம் ஆடியவர்களுக்கு இது ரத்தத்தில் இருக்கிறது. பதினைந்து ஆட்டில் ஒன்றால்கூடப் புலியை வெட்ட முடியாது, ஆனால் போகிற வழியை எல்லாம் அடைத்து மூன்று புலியையும் கட்டிவிடலாம். இரண்டு டை-யை வைத்திருக்கிறவர் ஆடு மாதிரி யோசிக்க வேண்டும்.

நான் இதைப் புரிந்துகொண்டது ஏழாவது ஆட்டத்தில். எக்ஸ்-விங் என்னிடம். இரண்டு டை-யும் எதிரில். நேராக 2 போட்டால் ஒன்று என் குறிக்குள் வந்துவிடும், அப்படியே டயலைத் திருப்பினேன். பையன் தன் டயலைத் திறந்தான், 1 வேகத்தில் திருப்பம், அந்த டை வந்து என் மூக்குக்கு முன்னால், நான் போய் நிற்க வேண்டிய இடத்திலேயே குறுக்கே நின்றது. “மாமா, நீங்க நேராத்தான் வருவீங்கன்னு தெரியும்” என்றான். முட்டினேன், செயல் போயிற்று, அதைச் சுடவும் முடியவில்லை, இன்னொரு டை பக்கவாட்டிலிருந்து சுட்டது. அவன் பகடை சுமாராகத்தான் விழுந்தது. அது தேவையே படவில்லை.

சுடுவதைப் பற்றி இப்போது சொல்லலாம். அளவுகோலில் மூன்று கட்டம், ஒவ்வொன்றும் 10 சென்டிமீட்டர். முதல் கட்டத்தில் நின்று சுட்டால் ஒரு சிவப்புப் பகடை கூடுதல், மூன்றாம் கட்டத்தில் இருப்பவரைச் சுட்டால் அவருக்கு ஒரு பச்சை கூடுதல். எக்ஸ்-விங்குக்குத் தாக்க 3, தப்பிக்க 2. டை-க்கு நேர் எதிர், தாக்க 2, தப்பிக்க 3. எக்ஸ்-விங் நாலு அடி உடம்பிலும் இரண்டு அடி கவசத்திலும் தாங்கும், டை-க்குக் கவசமே இல்லை, மூன்று அடியில் முடிந்தது.

சிவப்புப் பகடையின் எட்டு முகத்தில் அடி மூன்று, பலத்த அடி ஒன்று, ஃபோகஸ் கண் இரண்டு, வெற்று இரண்டு. பச்சையில் தப்பித்தல் மூன்று, கண் இரண்டு, வெற்று மூன்று. நகர்ந்த பிறகு ஃபோகஸ் டோக்கன் எடுத்திருந்தால் கண் விழுந்ததையெல்லாம் அடியாகவோ தப்பித்தலாகவோ மாற்றிக்கொள்ளலாம். சாதாரணமாகச் சிவப்பு எட்டுக்கு நாலு பலிக்கிறது, ஃபோகஸ் இருந்தால் எட்டுக்கு ஆறு. மூன்று பகடைக்கு ஒன்றரை அடி என்பது இரண்டேகால் ஆகிறது. முட்டினால் செயல் போய்விடும் என்று மேலே சொன்னேனே, அதன் விலை இதுதான். டார்கெட் லாக் எடுத்தால் பிடிக்காத பகடையைத் திரும்ப உருட்டலாம், எக்ஸ்-விங்குக்கு அது உண்டு, டை-க்குக் கிடையாது. எது எடுப்பது என்று குழம்பினால் ஃபோகஸ் எடுங்கள், தாக்கவும் உதவும், தப்பிக்கவும் உதவும்.

முதல் சுற்றில் என்ன வேகம் போடுவது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. களம் சுமார் 91 சென்டிமீட்டர். இருபக்கமும் ஓரத்திலிருந்து ஒரு கட்டத்துக்குள் நிறுத்தினால் மூக்குக்கு மூக்கு ஏறக்குறைய 71. இருவரும் நேராக 2 போட்டால் 47 ஆகும், யாருக்கும் குறி எட்டாது. மறுபடியும் 2 என்றால் 23, மூன்றாம் கட்டத்தில் முதல் சண்டை. இருவருமே 5 போட்டுப் பாய்ந்தால் முதல் சுற்றிலேயே அந்த 23 வந்துவிடும். மெதுவாகப் போங்கள் என்பதுதான் என் அபிப்பிராயம், எதிராளி எந்தப் பக்கம் வளைகிறார் என்று ஒரு சுற்று பார்த்துவிடலாம்.

விண்கற்களை ஐந்தாறு ஆட்டத்துக்குப் பிறகு சேருங்கள். அதன் மேல் போனால் பகடை உருட்டி அடி வாங்க நேரலாம், மேலே நின்றுவிட்டால் சுட முடியாது, தெரிந்துகொள்ள அவ்வளவுதான். கப்பலுக்குக் கூடுதல் திறமை தருகிற மேம்பாட்டு அட்டைகளையும் அதுவரை பெட்டியிலேயே விட்டுவிடுங்கள், கவனத்தைச் சிதறடிக்கும்.

கப்பல் நிற்கிற கண்ணாடி மாதிரியான காம்பு பற்றி ஒரு எச்சரிக்கை. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை மாதிரி தட்டினால் தானாக நிமிரும் சாமான் இல்லை இது, முழங்கை பட்டால் சாய்ந்து விழும். காம்பைக் கழற்றும்போது திருகாதீர்கள், நேராக இழுங்கள். நான் திருகி ஒன்றை ஒடித்திருக்கிறேன், கப்பலுக்கு அடியில் இருக்கும் குச்சி உள்ளேயே மாட்டிக்கொண்டது. எக்ஸ்-விங் இறக்கை நுனியில் இருக்கும் துப்பாக்கி வளைந்திருந்தால் வெந்நீரில் சில நொடி முக்கி நேராக்கி, உடனே குளிர்ந்த நீரில் வையுங்கள்.

பத்து ஆட்டம் ஆடி, எக்ஸ்-விங்கா டை-யா, எந்தப் பக்கம் பிடித்திருக்கிறது என்று தெரிந்த பிறகு நாலாவது கப்பலைத் தேடலாம். முதல் பதிப்பின் டயலும் அட்டையும் இரண்டாம் பதிப்போடு சேராது, பொம்மை மட்டும்தான் பொது. விற்கிறவரிடம் கப்பலின் படத்தைக் கேட்பதற்கு முன்னால் டயல், விமானி அட்டை, அடித்தட்டு மூன்றையும் ஒன்றாக வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள்.