இரட்டைக் குழல் துப்பாக்கியின் எஜெக்டரைக் காப்பாற்ற

பழைய பாணி இரட்டைக் குழல் துப்பாக்கியில் எஜெக்டர், அதாவது துப்பாக்கியைத் திறக்கும்போது சுட்ட தோட்டாவை வெளியே தள்ளும் பாகம், சுடுவதால் மட்டும் தேய்வதில்லை. தோட்டா போடும் அறை காலியாக இருக்கும்போது விசையை இழுத்துவிட்டுத் திறந்தால், வெளியே தள்ளத் தோட்டா இல்லாமல் ஸ்பிரிங்கின் அடி முழுவதையும் எஜெக்டரே வாங்கிக்கொள்கிறது. பாவம், அந்தச் சின்ன இரும்பு எத்தனை நாள் தாங்கும்?

அறையில் தோட்டா இல்லை என்று முதலில் உறுதி செய்யுங்கள். பிறகு இரண்டு குழலிலும் ஸ்நாப் கேப் (வெடிமருந்து இல்லாத போலித் தோட்டா) போட்டு, பாதுகாப்பான திசையில் நீட்டி விசையை இழுங்கள். திறக்கும்போது அவை சீறி வெளியேறாமல் உள்ளங்கையால் அணைத்துப் பிடியுங்கள்.

அப்புறம், எஜெக்டர் தலைக்கு அடியில் பாருங்கள். எரியாத வெடிமருந்துத் துகளும் கெட்டியான எண்ணெயும் அங்கேதான் ஒளிந்திருக்கும். தலை சரியாக உட்காராதபோது துப்பாக்கியை அறைந்து மூடவே கூடாது. பழைய டூத் பிரஷ்ஷால் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும்.