வெந்நீர்ச் செலவைக் குறைக்க வீட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டியவை

திருநெல்வேலிப் பக்கத்தில் வீட்டைச் சூடாக்கும் செலவு என்று ஒன்று கிடையாது. இங்கே சூடாக்கும் செலவெல்லாம் குளியலறையில்தான். மார்கழியில் கீசர் ஓடி மின்கட்டணம் ஏறிய பிறகு வீட்டுக்காரர் ஆலோசனை கேட்டால், பிளம்பரோ எலக்ட்ரீஷியனோ முதலில் விசாரிக்க வேண்டியது கீசரின் கம்பெனியை அல்ல, அந்த வீட்டுக்கு வரும் தண்ணீரை. தாமிரபரணித் தண்ணீர் வரும் வீட்டுக்குச் சொல்லும் யோசனை, ராதாபுரம் பக்கத்து உப்புப் போர்வெல் தண்ணீர் வீட்டுக்கு அப்படியே பொருந்தாது.

எந்தத் தண்ணீரானாலும் கணக்கை அவர் எதிரிலேயே போட்டுக் காட்டுவது நல்லது. 15 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 52 டிகிரிக்குக் கொண்டுவர 2,000 வாட் கீசருக்கு ஏறத்தாழ 13 நிமிடம் போதும். செலவு அரை யூனிட்டுக்கும் சற்றுக் குறைவு. ஆகவே, விடியற்காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு, காபி குடித்து, கோலமும் போட்டு முடித்த பிறகு குளிக்கப் போகும் வழக்கத்தை மாற்றி, கால் மணி நேரத்துக்கு முன்பு போட்டு, குளித்ததும் அணைக்கச் சொல்ல வேண்டும். வெப்பநிலைத் திருகு 65 டிகிரியில் இருந்தால் 50 முதல் 55 டிகிரிக்குள் இறக்கி வைக்கலாம். கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சிப் பச்சைத் தண்ணீர் விட்டு ஆற்றுவதில் ஆதாயம் எதுவும் இல்லை.

அடுத்துக் குழாயின் நீளத்தைப் பார்க்க வேண்டும். கீசர் மாடியிலும் குளியலறை கீழேயும் இருந்து, இடையில் 20 மீட்டர் முக்கால் அங்குலக் குழாய் ஓடினால், அதில் ஏறக்குறைய 5 லிட்டர் தண்ணீர் நிற்கும். ஒவ்வொரு முறையும் அது ஆறிப்போய்ச் சாக்கடைக்குப் போகிறது. கீசரைக் குளியலறைக்கே மாற்றுவதுதான் சரி. முடியாவிட்டால் சிபிவிசி என்னும் வெந்நீர் பிளாஸ்டிக் குழாய்க்கு மேலே, சூடு ஆறாமல் தடுக்கும் இன்சுலேஷன் உறை போடலாம்.

உப்புத் தண்ணீர் வீட்டில், கீசருக்குள் தண்ணீரைச் சூடாக்கும் கம்பிச்சுருளான காயில்மேல் சுண்ணாம்பு படியும். அதனால் கரண்ட் செலவு பெரிதாகக் கூடிவிடும் என்று சிலர் பயமுறுத்துவது மிகை. காயில் உள்ளுக்குள் அளவுக்கு மீறிச் சூடாகிக் கருகிப்போவதே உண்மையான நட்டம். ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்து, கீசர் தொட்டி துருப்பிடிக்காமல் காக்க அதற்குள் இருக்கும் மெக்னீசியக் கம்பி தேய்ந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊர் என்பதால் நான்கைந்து பேர் உள்ள வீட்டுக்குச் சோலார் ஹீட்டரைத் தயங்காமல் சொல்லலாம். ஆனால், போர்த் தண்ணீர் வீட்டில் தகடு வகையைப் போட்டால் அதன் மெல்லிய செப்புக் குழாய்கள் உப்பால் அடைத்துக்கொள்ளும். கழற்றிக் கழுவக்கூடிய கண்ணாடிக் குழாய் வகையே அங்கே ஏற்றது. தெற்கு பார்த்து, தண்ணீர்த் தொட்டியின் நிழலோ தென்னை மர நிழலோ விழாத இடத்தில் அதை வைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வானம் மூடியிருக்கும் நாள்களில் அதில் போதிய வெந்நீர் வராது என்பதையும், பழைய கீசரைக் கழற்றி விற்றுவிட வேண்டாம் என்பதையும் பணம் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.