கிராஃப்ட்ஸ்மேன் வீட்டின் மரபு மதிப்பை எழுதும் முறை

கனடாவில் பழைய வீடு ஒன்றின் மரபு மதிப்பை முறையாகப் பதிவுசெய்ய, முக்கியத்துவ அறிக்கை எழுதுவது வழக்கம். வீட்டின் விவரிப்பு, மரபு மதிப்பு, அம்மதிப்பைத் தாங்கும் கூறுகள் என அது மூன்று பகுதிகளாக அமையும். வான்கூவரில் முதல் உலகப் போருக்கு முந்தைய கட்டுமானப் பெருக்கத்தில் எழுந்த, மர வேலைப்பாட்டை மறைக்காமல் காட்டும் கிராஃப்ட்ஸ்மேன் பாணி வீடுகளைப் பற்றி எழுதுவோர் பலர், அழகை வருணிப்பதோடு நின்றுவிடுகிறார்கள். அந்த வீடு எதற்குச் சாட்சி என்று சொல்வதுதான் இரண்டாம் பகுதியின் வேலை.

ஆகவே ஆவணங்களிலிருந்து தொடங்குங்கள். நகர ஆவணக் காப்பகத்திலுள்ள குடிநீர் இணைப்புப் பதிவும் காப்பீட்டு நிறுவனங்களுக்காகக் கட்டடங்களைக் குறித்துக்காட்டிய 1912-ஆம் ஆண்டின் தீக்காப்பீட்டு வரைபடமும் வீடு எழுந்த காலத்தை நெருங்க உதவும். பழைய முகவரிக் கையேடுகளில் குடியிருந்தவரின் பெயருடன் தொழிலும் அச்சாகியிருப்பதால், அத்தெருவில் குடியேறியவர்கள் எழுத்தர்களா, தச்சர்களா, வணிகர்களா என்பது தெரியவரும். வீட்டின் சமூக மதிப்பை எழுத இதைவிட நல்ல ஆதாரம் கிடைப்பது அரிது.

பிறகு வெளியே நின்று கூரையைப் பாருங்கள். தாழ்ந்த சரிவு, சுவரைத் தாண்டி நீளும் இறவாரம், அதன் அடியில் மறைக்கப்படாமல் தெரியும் கைமர நுனிகள், முக்கோண மரத் தாங்கிகள், மேல்நோக்கிக் குறுகும் வராந்தாத் தூண்கள் ஆகியவை இப்பாணியின் அடையாளங்கள். இயந்திர உற்பத்தியின் போலி அலங்காரத்தை மறுத்து, மரத்தையும் கைவினையையும் வெளிப்படையாகக் காட்ட விரும்பிய இயக்கத்திலிருந்து பிறந்தவை அவை. இவ்வகைச் சிறு வீடுகளைக் குறிக்கும் ‘பங்களோ’ என்ற சொல் வங்காளத்திலிருந்து சென்றது. நம் ‘பங்களா’வும் அதுவே.

சுவரில் மட்டும் அவசரப்படாதீர்கள். பிற்காலத்தில் பல வீடுகளின் வெளிச்சுவரை ஓடுபோல மூடியிருந்த மெல்லிய சிடார் மரச் சில்லுகள்மேல் சிமெண்டுப் பூச்சு ஏற்றப்பட்டது. பூச்சு பெயர்ந்த மூலையிலோ நிலவறைப் படிக்கட்டின் அருகிலோ டார்ச் அடித்துப் பார்த்தால், அடியில் பழைய சில்லுகளின் விளிம்பு சில வேளை தென்படும். அப்படியானால் அவை எஞ்சியிருப்பதை விவரிப்பில் குறிப்பிடுங்கள்.

மூன்றாம் பகுதியில், நீங்கள் எழுதிய மதிப்போடு நேரடியாகத் தொடர்புள்ள கூறுகளை மட்டும், இருக்கும் இடத்தோடு சேர்த்துக் குறியுங்கள். “பழைய ஜன்னல்கள்” என்று எழுதாமல், “முகப்பில், மேற்பாதி சிறு கண்ணாடிகளாகப் பிரிக்கப்பட்ட மரச்சட்ட ஜன்னல்கள்” என்று எழுதுங்கள். பின்னாளில் பொருத்திய வினைல் ஜன்னல்களை அந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.