அமெரிக்க அரசமைப்பை எந்த வரிசையில் படிப்பது

அமெரிக்க அரசமைப்புச் சட்டம் சின்ன ஆவணம். 7 ஆர்ட்டிகிள்கள், பின்னால் 27 திருத்தங்கள். ஒரே மாலையில் முடித்துவிடலாம். ஆனால் முகவுரையில் தொடங்கி நேராகப் படித்துக்கொண்டே போனால், எந்த வரி எதற்காக எழுதப்பட்டது என்பது பிடிபடாது.

அதனால் முதலில் அதற்கு முந்தைய ஆவணத்தை எடுங்கள்: 1777இல் காங்கிரஸ் (மாநிலப் பிரதிநிதிகளின் அவை) ஏற்று, 1781இல் நடைமுறைக்கு வந்த கூட்டமைப்பு விதிகள். படிக்கும்போது மூன்று இடங்களில் பென்சிலால் கோடு போடுங்கள். காங்கிரசுக்கு வரி விதிக்க அதிகாரமில்லை. மாநிலங்களிடம் பணம் கேட்கலாம், அவ்வளவுதான். தனியாக ஒரு நிர்வாகத் தலைவர் இல்லை. விதிகளைத் திருத்த 13 மாநிலங்களும் சம்மதிக்க வேண்டும். இறக்குமதிக்கு 5 சதவீதத் தீர்வை வேண்டும் என்று 1781இல் காங்கிரஸ் கேட்டது. ரோட் ஐலண்ட் ஒன்று மறுத்ததும் திட்டம் படுத்துவிட்டது.

இப்போது 1787இல் பிலடெல்பியாவில் எழுதியதைத் திறந்து, ஆர்ட்டிகிள் 1, பிரிவு 8க்குப் போங்கள். பட்டியலில் முதல் அதிகாரமே வரி. அடுத்து ஆர்ட்டிகிள் 5: திருத்தத்துக்கு நான்கில் மூன்று பங்கு மாநிலங்கள் போதும். ஆர்ட்டிகிள் 7: புதிய சட்டம் உயிர் பெற 9 மாநிலங்கள் போதும். பிலடெல்பியாவுக்கு ரோட் ஐலண்ட் ஆளே அனுப்பவில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், 13 என்று கேட்காமல் 9 என்று நிறுத்தியது ஏன் என்று புரியும்.

நம் வாசகர்கள் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. இந்தியாவில் ஆர்ட்டிகிள் 21 என்றால் ஒரு வாக்கியம். அங்கே ஆர்ட்டிகிள் 1 என்பது 10 பிரிவுகள் கொண்ட முழு அத்தியாயம். மேற்கோள் காட்டும்போது ஆர்ட்டிகிள், பிரிவு, உட்பிரிவு மூன்றையும் சொல்ல வேண்டும். இரண்டாவது, இந்தியாவில் திருத்தம் மூல வாசகத்துக்குள்ளேயே கலந்துவிடும். அங்கே பழைய வரி அப்படியே நிற்கும், திருத்தம் கடைசியில் ஒட்டிக்கொள்ளும். செத்துப்போன வரியை நடப்புச் சட்டம் என்று எழுதிவிடுகிறவர்கள் ஏராளம்.

ஆர்ட்டிகிள் 1, பிரிவு 2, மூன்றாம் உட்பிரிவையே எடுங்கள். பிரதிநிதிகள் சபை இடங்களைப் பங்கிட, சுதந்திர மக்களோடு 'மற்ற அனைத்து நபர்களில்' ஐந்தில் மூன்று பங்கைக் கூட்டச் சொல்கிறது. அடிமை என்ற சொல்லே இல்லை. ஆனால் அவர்களைத்தான் சொல்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 50,000 அடிமைகள் 30,000 ஆகிறார்கள். 30,000 பேருக்கு ஒருவருக்கு மேல் கூடாது என்பது அதே உட்பிரிவின் வரம்பு. ஆக, ஓட்டுரிமை இல்லாதவர்களைக் காட்டியே அவர்களை அடக்கி வைத்த மாநிலத்துக்கு இன்னொரு இடம் வரை கிடைக்கலாம். குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க மாநிலத்துக்கு ஒதுக்கிய தேர்வாளர்களின் எண்ணிக்கையும் இதை வைத்துத்தான் ஏறியது. இந்த வரியின் ஓரத்தில், இதைச் சாகடித்த '14ஆம் திருத்தம், பிரிவு 2, 1868' என்று எழுதிவிட்டு நகருங்கள். செனட்டர்களை மாநிலச் சட்டமன்றம் தேர்ந்தெடுக்கும் என்ற வரிக்குப் பக்கத்தில் '17, 1913'.

இல்லாத சொற்களைத் தேடி நேரம் கெட வேண்டாம். 'அதிகாரப் பிரிவினை' என்ற தொடர் எங்கும் கிடையாது. முதல் மூன்று ஆர்ட்டிகிள்களின் தொடக்க வரிகளை வரிசையாக வைத்தாலே அது தெரியும். அதில் ஒரு நுணுக்கம்: காங்கிரசுக்கு மட்டும் 'இதில் வழங்கப்பட்ட' அதிகாரங்கள் என்று வரம்பு போட்டிருக்கிறார்கள். குடியரசுத் தலைவருக்கு அந்த அடைமொழி இல்லை. இன்றும் வழக்கறிஞர்கள் மோதிக்கொள்வது இங்கேதான். சட்டத்தை ரத்து செய்யும் நீதிமன்ற அதிகாரமும் வெளிப்படையாக எழுதப்படவில்லை. அதற்கு 1803இன் மார்பரி எதிர் மாடிசன் தீர்ப்பைப் படிக்க வேண்டும்.

பிலடெல்பியா விவாதம் பூட்டிய கதவுக்குள் நடந்தது. அதில் கலந்துகொண்ட ஜேம்ஸ் மாடிசன் எடுத்த குறிப்புகள் 1840இல்தான் அச்சேறின. ஆகவே 1788இல் ஒப்புதல் வாக்களித்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு அவற்றைச் சான்றாகக் காட்டாதீர்கள்.