திருப்பூர் பக்கம் அடுத்த ஆறு மாதத்தில் எந்தப் படிப்புக்கு எத்தனை வேலை? நீங்களே கணக்கெடுக்கும் முறை

"பையன் ஐடிஐ முடிக்கப் போறானுங்க. இப்ப எதுக்கு ஆள் கேக்கறாங்க?"

இந்தக் கேள்விக்குள் மூன்று எல்லைகள் இருக்கின்றன. 'இப்ப' என்றால் பத்து வருடம் கழித்து அல்ல. கேட்கிறவர் பல்லடத்துக்காரர், ஆகவே சென்னை வேலை அவர் கணக்கில் இல்லை. 'ஐடிஐ' என்றால் பி.இ. அல்ல. ஆனால் அவருக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் "ஏஐ படிக்கச் சொல்லுங்க" என்பதாகவே இருக்கும். அது நாடு முழுவதற்கும் பத்து வருடத்துக்கும் சேர்த்துச் சொல்லும் பதில். இவருக்கு வேண்டியது அரை மணி பஸ் தூரத்தில், ஆறு மாதத்துக்குள், இந்தப் படிப்புக்கு என்ன இருக்கிறது என்பது.

அதை ஒரு நோட்டும் இரண்டு வாரமும் இருந்தால் யாரும் கணக்கெடுக்கலாம். கல்லூரியில் வேலைவாய்ப்பைப் பார்க்கும் ஆசிரியர், ஊர் நூலகத்தில் பிள்ளைகளுக்கு வழிகாட்டுகிறவர், அக்கா மகனுக்கு வேலை தேடுகிறவர் என்று யாராக இருந்தாலும் சரி. நான் திருப்பூரை வைத்துச் சொல்கிறேன். உங்கள் ஊருக்குத் தொழிலின் பெயர்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 1: ஊரை வெட்டுங்கள்

மாவட்டத்தை ஒரே ஊராக எடுத்தால் கணக்கு கெட்டுவிடும். திருப்பூர் மாவட்டம் என்றால் பனியன் மட்டும் இல்லை. பல்லடத்தில் தறியும் கறிக்கோழியும், காங்கேயத்தில் அரிசி ஆலையும் தேங்காய் எண்ணெயும், வெள்ளகோவிலில் விசைத்தறி. தாராபுரத்துப் பெண் தினமும் திருப்பூருக்கு வந்து போக முடியாது. சோமனூர் கோவை மாவட்டம்தான், ஆனால் அங்கிருந்து திருப்பூருக்கு பஸ் உண்டு. ஆகவே வரைபடத்தை மறந்துவிட்டு, கம்பெனி வண்டி எந்தெந்த ஊருக்கு ஆள் ஏற்ற வருகிறது என்று பாருங்கள். அந்த வண்டி போகும் தூரம்தான் உங்கள் வட்டாரம்.

படி 2: காலத்தை வெட்டுங்கள்

ஆறு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் மாநிலங்கள் அடுத்த இரண்டு வருடத்தைப் பார்க்கும் குறுகிய காலக் கணிப்பும் அடுத்த பத்து வருடத்தைப் பார்க்கும் நீண்ட காலக் கணிப்பும் போடுகின்றன. அவர்களிடம் மாதாமாதம் வரும் புள்ளிவிவரம் இருக்கிறது. நம்மிடம் இருப்பது நோட்டு, அதனால் இரண்டு வருடத்துக்கு நீட்ட வேண்டாம்.

ஆறு மாதத்துக்குள்ளேயே பருவம் இருக்கிறது. தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகும் தென்மாவட்டத்து ஆட்களில் சிலர் திரும்பி வருவதில்லை. பீகார் ஆட்கள் சத் பூஜைக்கும் ஹோலிக்கும் போவார்கள். அந்த வாரங்களில் எண்ணினால் ஊரே ஆளில்லாமல் தவிக்கிற மாதிரி தெரியும். எண்ணிய தேதியை மேலே எழுதாத தாளைக் கிழித்துப் போட்டுவிடலாம்.

பருவத்தில் சேராத அடிகளும் வரும். நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. சாயம் நின்றதால் அதை நம்பியிருந்த அடுத்தடுத்த வேலைகளும் திணறின. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது, அமெரிக்க ஆர்டரை நம்பியிருந்த கம்பெனிகளின் ஆள் தேவை ஒரே மாதத்தில் வேறாகிவிட்டது. ஜூலையில் போட்ட கணக்கை அக்டோபரில் நம்பியிருந்தால் தப்பு அந்தக் கணக்கினுடையது அல்ல.

படி 3: எங்கே எண்ணுவது

தமிழ்நாடு தனியார் வேலை இணையம், மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவை இணையம், தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) இணையம் மூன்றையும் பாருங்கள். பலர் தவறவிடுவது மூன்றாவதைத்தான். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தங்கள் ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை வைத்துக்கொள்ள வேண்டும். எந்தப் பிரிவு, என்ன படிப்பு என்று அங்கே தெளிவாகப் போட்டிருப்பார்கள்.

அடுத்து, மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் நடத்தும் முகாம்கள். அங்கே மேசை போட்டிருக்கும் கம்பெனிகளின் பட்டியலை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அதே அலுவலகத்தில் பதிவு செய்து காத்திருப்போர் எண்ணிக்கையை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அரசு வேலைக்காகப் பதிந்துவிட்டு வேறு வேலையில் இருப்பவர்கள் அதில் ஏராளம்.

மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பு 2025 ஏப்ரல் முதல் மாதாமாதம் வருகிறது. எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள், எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று அது சொல்லும். அவிநாசி ரோட்டில் எத்தனை இடம் காலி என்று சொல்லாது.

பிறகு கேட் போர்டுகள், பஸ் ஸ்டாண்டு நோட்டீஸ், வாட்ஸ்அப் குழுக்கள். இங்கேதான் நான் முதல் தடவை மாட்டினேன். ஓவர்லாக் (துணி ஓரம் பிரியாமல் தைக்கும் மெஷின்) டெய்லருக்கு ஏழு விளம்பரம் என்று ஏழு கோடு போட்டுவிட்டேன். ஒவ்வொரு நம்பராகக் கூப்பிட்டால் ஏழு பேரும் புரோக்கர்கள், ஏழு பேரும் சொன்ன கம்பெனி ஒன்றே. ஆகவே விளம்பரத்தை எண்ணாதீர்கள். கம்பெனி, வேலை, எத்தனை பேர் என்ற மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு வரி.

படி 4: படிப்பைப் பிரிப்பது (இதில்தான் நேரம் செலவிட வேண்டும்)

'எனி டிகிரி' என்று போட்டிருப்பார்கள், உள்ளே போனால் வீடு வீடாகக் கடன் அட்டை விற்கும் வேலையாக இருக்கும். 'படிப்பு தேவையில்லை' என்று போட்டிருப்பார்கள், உள்ளே போனால் ஐந்து வருட அனுபவம் கேட்பார்கள். விளம்பரத்தின் படிப்பு வரியை அப்படியே எடுத்தால் கணக்கு பொய்யாகிவிடும்.

இதற்கு அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் முறை எனக்குப் பிடித்தது. ஒவ்வொரு வேலைக்கும் அவர்கள் மூன்று தனித்தனிக் கேள்விகள் கேட்கிறார்கள். உள்ளே நுழைய வழக்கமாக என்ன படிப்பு? அதற்கு முன் தொடர்புள்ள அனுபவம் வேண்டுமா? சேர்ந்த பிறகு வேலையிலேயே எவ்வளவு காலம் பழக வேண்டும்? பழகும் காலத்தை ஒரு மாதத்துக்குள், ஒன்று முதல் பன்னிரண்டு மாதம், அதற்கு மேல் என்று பிரிக்கிறார்கள். நாமும் இந்த மூன்று கட்டம் போட்டால் போதும்.

பனியன் கம்பெனியில் போட்டுப் பார்ப்போம்.

கைமடி (டெய்லருக்குக் கைவேலையில் உதவும் ஆள்): படிப்பு வேண்டாம், அனுபவம் வேண்டாம், இரண்டு நாளில் பழகிவிடும்.

ஓவர்லாக், ஃப்ளாட்லாக் டெய்லர்: படிப்பு வேண்டாம். ஆனால் கை வேகம் வர மாதங்கள் ஆகும். பீஸ் ரேட் (தைத்த எண்ணிக்கைக்குக் கூலி) என்றால் வேகம் வரும்வரை கையில் காசு நிற்காது. ஆகவே இது வெறும் 'படிப்பு வேண்டாம்' வேலை அல்ல, 'படிப்பு வேண்டாம், ஆனால் சில மாதப் பழக்கம் வேண்டும்' என்ற வேலை.

கட்டிங் மாஸ்டர்: சான்றிதழே கேட்க மாட்டார்கள், வருடக்கணக்கில் அனுபவம் கேட்பார்கள். புதிதாகப் படித்து வருகிறவன் கணக்கில் இதைச் சேர்த்தால் பொய்.

மெர்ச்சண்டைசர் (ஆர்டரை ஆரம்பம் முதல் கடைசி வரை கவனிப்பவர்): டிகிரி அல்லது டிப்ளமோ, பையருக்கு, அதாவது சரக்கு வாங்குகிறவருக்கு, ஆங்கிலத்தில் மெயில் போடத் தெரிய வேண்டும். ஒரு ஆர்டர் நூலிலிருந்து பெட்டி வரை போவதைக் கூட இருந்து பார்த்தால்தான் பிடிபடும்.

மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன்: இரண்டு வருட ஐடிஐ. வெல்டர் என்றால் ஒரு வருடம். இவற்றில் படிப்புக்குப் பதிலாக அனுபவத்தைச் சில முதலாளிகள் ஏற்றுக்கொள்வார்கள்.

ஸ்டாஃப் நர்ஸ்: ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ) அல்லது பி.எஸ்சி. நர்சிங், அதோடு நர்சிங் கவுன்சில் பதிவு. இங்கே விட்டுக்கொடுத்தலே கிடையாது. மருத்துவமனை எவ்வளவு அவசரப்பட்டாலும் ஆறு மாதத்தில் புது நர்ஸை உருவாக்க முடியாது.

இந்த வேறுபாடு குறுகிய காலக் கணக்குக்கு மிக முக்கியம். கைமடிக்கு இருபது இடம் காலி என்றால் அடுத்த வாரமே நிரம்பிவிடும். நர்ஸுக்கு நான்கு இடம் காலி என்றால் ஆறு மாதம் கழித்தும் நான்காகவே இருக்கலாம்.

பெயர்க் குழப்பத்தையும் இந்தப் படியிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். 'டெய்லர்', 'பவர் டேபிள்', 'ஆபரேட்டர்' மூன்றும் ஒரே ஆளாகவும் இருக்கலாம், மூன்று ஆளாகவும் இருக்கலாம். எந்த மெஷின் என்று கேட்டு எழுதுங்கள்.

படி 5: நாற்காலி விளையாட்டைக் கழிப்பது

பழகுவதற்கு ஒரு கற்பனைக் கம்பெனி. 100 டெய்லர்கள். மாதம் 5 பேர் நிற்கிறார்கள், ஆறு மாதத்தில் 30. புது லைன் (தையல் மெஷின் வரிசை) ஒன்றும் போடுகிறார்கள், அதற்கு 20 பேர். முதலாளி உங்களிடம் "அம்பது பேர் வேணுங்க" என்பார். அவர் சொல்வது பொய்யில்லை.

ஆனால் நின்ற 30 பேர் எங்கே போனார்கள்? 22 பேர் அடுத்த தெரு கம்பெனியில் அதே ஓவர்லாக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வையுங்கள். இங்கே ஒரு நாற்காலி காலி, அங்கே ஒன்று நிரம்பிவிட்டது. ஊர் மொத்தத்துக்கும் பார்த்தால் புதியவருக்கு இடம் கூடவில்லை. மீதி 8 பேர் கல்யாணமாகி நின்றார்கள், வண்டி ஓட்டப் போனார்கள், ஊருக்கே திரும்பிவிட்டார்கள். அந்த 8தான் உண்மையாகக் காலியான இடம். 8 + 20 = 28. ஐம்பது அல்ல.

அமெரிக்கத் துறை 2017இல் வெளியிட்ட கணிப்பிலிருந்து இப்படித்தான் பிரிக்கிறது: வேலைக்குப் போவதையே விட்டு விலகுகிறவர், வேறு தொழிலுக்கு மாறுகிறவர், புதிதாகக் கூடும் இடம். அதே தொழிலில் முதலாளியை மட்டும் மாற்றுகிறவர் கணக்கில் வரமாட்டார். திருப்பூர் மாதிரி ஆட்கள் கம்பெனி மாறிக்கொண்டே இருக்கும் ஊரில் இதைக் கழிக்காவிட்டால், படிக்காத வேலைக்கெல்லாம் இரண்டு மடங்கு தேவை இருப்பதாகத் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

"நின்னவங்க எங்க போனாங்க?" என்ற கேள்வியை முதலாளியிடம் கேட்காதீர்கள், கோபம் வரும். லைன் சூப்பர்வைசரிடம் கேளுங்கள்.

படி 6: எதிர்ப்பக்கம்

தேவை 28 என்பது மட்டும் தெரிந்தால் போதாது, எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்றும் தெரிய வேண்டும். ஐடிஐ பயிற்சி ஆண்டு ஆகஸ்டில் தொடங்குவது வழக்கம் என்பதால் முடிக்கிறவர்களும் ஒரே சமயத்தில் மொத்தமாக வெளியே வருவார்கள். வட்டாரத்து ஐடிஐகளில் எலக்ட்ரீஷியன் பிரிவில் கடைசி வருடம் எத்தனை பேர் என்று நேரில் கேட்டு எழுதுங்கள். மார்ச்சில் இரண்டு பேருக்கு அலைந்த கம்பெனி, செப்டம்பரில் வாசலில் நிற்கும் இருபது பேரில் பொறுக்கி எடுக்கும்.

படி 7: போர்டுக்குக் கீழே போய் நில்லுங்கள்

கணக்கு முடிந்ததும் ஐந்து இடத்துக்காவது நேரில் போங்கள். அவிநாசி ரோட்டுப் பக்கம் ஒரு கேட்டில் பெரிய பெயின்ட் போர்டு: 'சிங்கர், ஓவர்லாக், செக்கிங், அயர்ன், பேக்கிங் ஆட்கள் உடனடியாகத் தேவை'. நோட்டில் ஐந்து வரி எழுதிவிட்டு, வாட்ச்மேனிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"ஏனுங்க, இந்தப் போர்டு எப்ப வெச்சது?"

"அதுங்களா? ரெண்டு வருசம் இருக்குமுங்க. எடுத்தா கம்பெனிக்கு ஆர்டர் இல்லைன்னு நெனச்சுக்குவாங்கன்னு ஓனர் எடுக்க வேண்டாம்னுட்டாருங்க."

ஐந்து வரியையும் அங்கேயே அடித்தேன். அன்றிலிருந்து போர்டை விட்டுவிட்டு வண்டியைப் பார்க்கிறேன். காலையில் ஊருக்குள் வரும் கம்பெனி வண்டியில் சீட் காலியாக இருக்கிறதா, இரவு எட்டரைக்கு ஒன்றரை ஷிப்ட் முடிந்து வருகிறார்களா, இல்லை ஐந்தரைக்கே ஒரு ஷிப்டோடு அனுப்பிவிடுகிறார்களா? ஒரு ஷிப்டோடு அனுப்பும் கம்பெனிக்குப் புது ஆள் வேண்டாம், போர்டில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

படி 8: தாளில் எழுதும் விதம்

ஒரே பக்கம். படிப்பு வாரியாக நான்கு கட்டம்: படிப்பு வேண்டாத வேலை, பழக்கம் வேண்டும் வேலை, ஐடிஐ மற்றும் டிப்ளமோ, டிகிரியும் பதிவும் வேண்டும் வேலை. ஒவ்வொன்றிலும் '28' என்று ஒற்றை எண் போடாமல் '20 முதல் 35' என்று போடுங்கள். கூடவே வரிசையில் நிற்பவர்கள் எத்தனை, சேர்ந்த முதல் மாதம் கையில் என்ன கிடைக்கும் என்று இரண்டு வரி. இடம் அதிகம் என்பதும் வேலை நல்லது என்பதும் ஒன்றில்லை. ஆட்கள் நிற்காமல் ஓடும் வேலையில்தான் இடமும் அதிகமாகக் காலியாகும், அதை அந்தக் கட்டத்திலேயே எழுதிவிடுங்கள்.

தாளின் மூலையில் இரண்டு தேதி: எண்ணிய நாள், காலாவதி நாள். நான் தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பு ஒருமுறையும், பொங்கல் முடிந்து வண்டிகள் முழுதாக ஓடத் தொடங்கிய பிறகு ஒருமுறையும் எண்ணுகிறேன்.