தைராய்டை அகற்றிய பின் கால்சியத்தை மறந்துவிடும் தவறுகள்

தைராய்டு சுரப்பியை முழுமையாக அகற்றிக்கொண்டவர், உதட்டைச் சுற்றி ஊசி குத்துவது போலவோ விரல் நுனிகள் மரத்துப்போவது போலவோ உணரும்போது, அதைக் கால்சியக் குறைவின் அறிகுறியாகக் கொள்ளாமல், அறுவையின் அசதி என்று எண்ணிக் காத்திருப்பதுதான் நான் மிகவும் அஞ்சும் தவறு. தைராய்டின் பின்புறம் ஒட்டியிருக்கும், அரிசிமணி அளவேயான நான்கு பாராதைராய்டு சுரப்பிகளே இரத்தத்தின் கால்சிய அளவைக் காக்கின்றன. அறுவையில் அவற்றின் இரத்த ஓட்டம் குறைந்தால், கால்சியம் அன்றே சரிந்துவிடாமல், பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்களில்தான் அடிமட்டத்தைத் தொடுகிறது. அதற்குள் பலர் வீடு திரும்பியிருப்பார்கள். ஆகவே, மருத்துவமனையில் எடுத்த முதல் பரிசோதனை சரியாக இருந்தது என்பதை மட்டும் நம்பியிருக்க முடியாது. கைவிரல்கள் தாமாக மடங்கி இழுத்துக்கொண்டாலோ, தொண்டை இறுகினாலோ, வலிப்பு வந்தாலோ, நேரம் பார்க்காமல் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

இச்சுரப்பிகள் கவனிக்கப்படாமல் போவது புதிதன்று. 1850ஆம் ஆண்டளவில் ஆங்கிலேய உடற்கூறியலாளர் ரிச்சர்டு ஓவன் இவற்றை முதலில் கண்டது, லண்டன் விலங்குக் காட்சியகத்தில் இறந்த ஓர் இந்தியக் காண்டாமிருகத்தின் உடலில். மனித உடலில் இவற்றை சுவீடனைச் சேர்ந்த ஐவார் சாண்ட்ஸ்ட்ரோம் விவரித்தது 1880இல்.

காலையில் எல்லா மாத்திரைகளையும் ஒன்றாக விழுங்குவது அடுத்த தவறு. தைராய்டு ஹார்மோனுக்கு ஈடாகத் தரப்படும் லெவோதைராக்சினை வெறும் வயிற்றில் எடுத்த பின், கால்சியம் மாத்திரைக்குக் குறைந்தது நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். இல்லையெனில் கால்சியம் தைராய்டு மருந்தைப் பற்றிக்கொண்டு, அது உடலில் சேராமல் தடுத்துவிடும். கால்சியம் கார்பனேட் உணவோடு எடுத்தால்தான் நன்கு சேரும், அதற்கு வயிற்று அமிலமும் தேவை. நம்மில் பலர் கேட்காமலே போட்டுக்கொள்ளும் 'கேஸ் மாத்திரை'யான பான்டோபிரசோல் அந்த அமிலத்தைக் குறைக்கிறது, நீண்டகாலம் எடுத்தால் மக்னீசியத்தையும் குறைக்கக்கூடும். மக்னீசியம் குறைந்திருக்கும்வரை, எவ்வளவு கால்சியம் விழுங்கினாலும் அளவு எளிதில் ஏறாது.

வாரம் ஒருமுறை பாலில் கலந்து குடிக்கும் 60,000 யூனிட் வைட்டமின் டி பொடியே போதும் என்று, செயல்படும் வடிவிலான வைட்டமின் டி மருந்தாகிய கால்சிட்ரியாலை நிறுத்திவிடுவோரும் உண்டு. சாதாரண வைட்டமின் டியைச் சிறுநீரகம் செயல்படும் வடிவத்துக்கு மாற்றுவதற்குப் பாராதைராய்டு ஹார்மோன் துணை வேண்டும். அது இல்லாதவருக்கு, ஏற்கெனவே மாற்றப்பட்ட வடிவமான கால்சிட்ரியாலே உடனடியாகப் பயன்படுகிறது.

இதற்கு நேர்மாறாக, மரத்துப்போகும் அச்சத்தில் மாத்திரைகளைத் தாமாகவே கூட்டிக்கொள்வதும் ஆபத்தானது. பாராதைராய்டு ஹார்மோன் குறைந்தால் சிறுநீரில் கால்சியம் அதிகமாக வெளியேறும் என்பதால், இரத்த அளவை இயல்பின் கீழ்ப்பகுதியிலேயே வைத்திருப்பது வழக்கம். மீறினால் சிறுநீரகக் கல் உருவாகலாம். அடங்காத தாகம், மலச்சிக்கல், குமட்டல் ஆகியவை அளவு மிகுந்ததன் அறிகுறிகளாக இருக்கக்கூடும்.

மாதங்கள் கடந்தும் சோர்வும் தசைப்பிடிப்பும் மனக்குழப்பமும் நீடித்தால், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்ஹெச் அளவை மட்டும் பார்த்து லெவோதைராக்சினைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்காமல், கால்சியம், இரத்தப் புரதமான அல்புமின், பாஸ்பரஸ், மக்னீசியம், பாராதைராய்டு ஹார்மோன் ஆகியவற்றையும் பரிசோதிக்கக் கேளுங்கள். பெரும்பாலோருக்கு இச்சுரப்பிகள் சில வாரங்களிலோ மாதங்களிலோ மீண்டு விடுகின்றன; ஓராண்டைக் கடந்தும் மீளாவிட்டால் குறைபாடு நிரந்தரமாகக் கருதப்படுகிறது. அத்தகையோருக்கு வாந்தியோ பேதியோ வந்து மாத்திரை வயிற்றில் தங்காத நாட்களில் கால்சியம் விரைவாகச் சரியும் என்பதால், அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் சென்றாக வேண்டும்.